வீட்டுச் சுத்தத்திற்கு அடுக்களைப் பொருள்கள்

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று வட்டியைக் குறைத்துக்கொண்ட குடும்பம், வாரச் சந்தையில் சில்லறையாய்ப் போகும் பணத்தைக் கவனியாவிடில், ஒரு கையால் சேர்த்ததை மறு கையால் விட்டதாகும். 1904-ம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் முகவுரையே சிக்கனம், தன்னுதவி, கூட்டுறவு ஆகிய மூன்றையும் வளர்ப்பது அதன் நோக்கம் என்று கூறிற்று. அவற்றுள் சிக்கனம் முதலில் நிற்பது கவனிக்கத்தக்கது.

இக்காலத்தில் பாத்திரம் துலக்க ஒரு தூள், தரை துடைக்க ஒரு திரவம், கண்ணாடிக்கு ஒன்று, கக்கூசுக்கு ஒன்று என்று பலவகைச் சரக்குகள் கிராமக் கடைகளிலும் தொங்குகின்றன. ஒரு குடும்பம் இவற்றிற்கு மாதம் 100 ரூபாய் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். 200 அங்கத்தினர் உள்ள சங்கத்தில் இது வருஷத்திற்கு 2,40,000 ரூபாய் ஆகும். இதில் நாலில் ஒரு பங்கு மீந்தாலும் 60,000 ரூபாய் ஊரிலேயே தங்கும். இந்த வேலைகளுள் பலவற்றிற்கு வேண்டிய பொருள் அடுக்களையில் ஏற்கெனவே இருக்கிறது. அதிலும் பெரும்பாகம் வீசி எறியப்படுவதே: ரசத்திற்குக் கரைத்தபின் மீந்த புளிச் சக்கை, பிழிந்த எலுமிச்சைத் தோல், அரிசி கழுவிய நீர், வடிகஞ்சி, அடுப்புச் சாம்பல்.

ஆனால் இதில் இரு தவறுகள் நேர்வதுண்டு. பழைய முறை என்றாலே பயனற்றது என்று ஒதுக்குவது ஒன்று. வீட்டுப் பொருள் என்றாலே எல்லா அழுக்கையும் நீக்கும், எல்லாக் கிருமியையும் கொல்லும், யாருக்கும் தீங்கு செய்யாது என்று நம்புவது மற்றொன்று. இரண்டாவது தவறு முதலாவதைவிடப் பொல்லாதது. அதனால் பாத்திரம் கெடும், குழந்தைக்கு நோயும் வரும். எந்த அழுக்கிற்கு எந்தப் பொருள் என்று அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. புளிப்பும் காரமும்

சுத்தம் செய்யும் பொருள்களில் முக்கியமானவை இரு வகை. புளி, எலுமிச்சை, காடி முதலியவை புளிப்புப் பொருள்கள். சாம்பல், ஆப்பச் சோடா, சலவைச் சோடா, சுண்ணாம்பு முதலியவை காரப் பொருள்கள். இங்கே காரம் என்றது மிளகாயின் காரத்தை அன்று. கைவிரல்களுக்கிடையே வழுவழுப்பாய்த் தோன்றும் குணத்தையே ஆகும்.

இவற்றைப் பிரித்தறிய மஞ்சளே போதும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவப்பதை அறியாதவர் இல்லை. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். புளிப்பு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஒரு கரண்டி மஞ்சள் தூளை நீரில் கரைத்து, வெள்ளைக் காகிதத்தை அதில் நனைத்து நிழலில் உலர்த்திச் சிறு துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். சாம்பல் நீரில் அது சிவக்கும்; அதே துண்டின்மேல் புளி நீரை விட்டால் சிவப்பு மாறிவிடும். ஒன்றின் வலிமையை மற்றொன்று அழிக்கிறது என்பதை இச்சோதனை கண்ணுக்குக் காட்டுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வருபவை எளிதில் விளங்கும்.

2. எண்ணெய்ப் பிசுக்கு

எண்ணெயும் நெய்யும் தண்ணீரில் கரையா. அவற்றிற்குக் காரப் பொருளே உரியது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் இருக்கிறது. ஈரமான சாம்பல் பிசுக்கின்மேல் பட்டுத் தேய்க்கப்படும்போது அந்தக் காரம் கொழுப்பின் ஒரு பகுதியைச் சவர்க்காரமாகவே மாற்றுகிறது; சாம்பலின் நுண்துகள் மீதியை உராய்ந்து எடுக்கிறது. பிரான்ஸ் தேசத்து நிக்கலா லெப்ளாங் என்பவர் 1791-ல் சமையலுப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை பெறும் வரையில், ஐரோப்பாவிலும் சவர்க்காரத்திற்கு வேண்டிய காரம் பெரும்பாலும் தாவரங்களை எரித்த சாம்பலிலிருந்தே வந்தது. ஆகவே சாம்பலால் பாத்திரம் துலக்குவது அறியாமை அன்று. தக்க காரணத்தோடு கூடிய வழக்கமே.

விறகடுப்பு உள்ள வீட்டார் சாம்பலைச் சலித்து மூடி வைக்க வேண்டும். விறகும் வறட்டியும் எரிந்த சாம்பலே இதற்கு ஆகும். பிளாஸ்டிக், வர்ணம் பூசிய பலகை, நிலக்கரி ஆகியவை எரிந்த சாம்பல் பாத்திரத்திற்கு ஆகாது; அதில் விஷப் பொருள்கள் தங்கும். தேய்ப்பதற்குத் தேங்காய் நாரும் உலர்ந்த பீர்க்கங்கூடும் போதும். மணலையும் செங்கல் தூளையும் எவர்சில்வரின்மேல் தேய்த்தால் கீறல் விழும். கீறலில் அழுக்கு தங்கும்.

பிசுக்கு மிகுந்த புட்டிக்கும் சீலைத் துணிக்கும் சாம்பல் தெளிவு நல்லது. ஒரு பங்கு சலித்த சாம்பலுக்கு நான்கு பங்கு வெந்நீர் விட்டுக் கலக்கி, ஓர் இரவு அசையாமல் வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் வடித்துக்கொள்ள வேண்டும். இதைக் கண்ணில் படாமலும், புண்ணுள்ள கையில் படாமலும் கையாள வேண்டும். எரிவாயு அடுப்பு உள்ள வீட்டில் சாம்பலுக்குப் பதில் ஆப்பச் சோடாவைச் சிறிது நீர் விட்டுக் குழைத்துப் பூசிக் கால் மணி நேரம் விட்டுத் துடைக்கலாம். அடுப்பு மேடைப் பிசுக்கிற்கும், முடைநாற்றம் உள்ள டப்பாவிற்கும் இது ஏற்றது. எண்ணெய் கொட்டிய இடத்தில் முதலில் கடலை மாவையோ தவிட்டையோ தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டுப் பிறகு கழுவினால் உழைப்பு பாதியாகும்.

அலுமினியப் பாத்திரத்திற்குச் சாம்பலும் சோடாவும் ஆகா. காரம் அந்த உலோகத்தை அரித்துக் கறுக்கச் செய்யும்.

3. பித்தளை, தாமிரக் களிம்பு

குத்துவிளக்கும் தாமிரக் குடமும் கறுப்பது எண்ணெயினால் மாத்திரம் அன்று. உலோகமே காற்றோடும் ஈரத்தோடும் கூடி மேலே ஒரு படலமாய் மாறுகிறது. அதைச் சாம்பலால் எவ்வளவு தேய்த்தாலும் கை நோகுமேயன்றி எளிதில் போகாது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் அப்படலத்தைக் கரைக்கின்றன.

செய்முறை வருமாறு: விளக்கில் எண்ணெய் இருந்தால் முதலில் சாம்பலாலோ சவர்க்காரத்தாலோ அதைப் போக்க வேண்டும், எண்ணெயின்மேல் புளி வேலை செய்யாது. பிறகு புளிச் சக்கையில் சிறிது உப்புச் சேர்த்துப் பூசி ஐந்து நிமிஷம் விட்டுத் தேய்க்க வேண்டும். கடைசியாகச் சிறிது சாம்பலோ சோடாவோ தொட்டுத் தேய்த்து, நிறைய நீரில் அலம்பி, துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். புளி போட்டபின் சாம்பல் போடும் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம் இங்கே பொருள் உடையது. இடுக்குகளில் தங்கிய புளிப்பைச் சாம்பலின் காரம் முறித்துவிடுகிறது. முறிக்காமலும் துடைக்காமலும் வைத்த விளக்கு மறுநாளே மீண்டும் மங்கத் தொடங்கும்.

இங்கே உடல்நலத்தைப் பற்றிய ஒரு விஷயமும் உண்டு. புளிப்பு தாமிரத்தைக் கரைப்பது விளக்கிற்கு நன்மை, உணவிற்குத் தீமை. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பும் மோரும் நின்றால் களிம்பு உணவில் இறங்கி வாந்தியும் வயிற்று வலியும் உண்டாக்கும். ஆதலால் சமைக்கும் பாத்திரத்தின் உட்புறப் பூச்சை மணலிட்டோ புளியிட்டோ அழுத்தித் தேய்க்கலாகாது. உள்ளே செம்பு நிறம் தெரியத் தொடங்கினால் மறுபடி பூச்சு ஏற்றும் வரையில் அதில் புளிப்புப் பண்டம் சமைக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது.

வெள்ளிச் சாமானின் கறுப்பு வேறு வகை. காற்றில் உள்ள கந்தகத்தால் உண்டாவது. அதற்கு நயமான திருநீற்றை ஈரத் துணியில் தொட்டு மெல்லத் தேய்ப்பது நம்மவர் வழக்கம். முலாம் பூசிய சாமானுக்கு இதுவும் ஆகாது, முலாம் தேய்ந்துவிடும். இரும்புத் தோசைக்கல்லுக்குப் புளிப்பு வேண்டாம். தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் துருப் பிடிக்காது.

4. உப்பு நீர்க் கறை

கிணற்று நீர் கடினமாய் உள்ள ஊர்களில் வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளைப் படலம் கட்டும். அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. எலுமிச்சைத் தோலையோ காடியையோ நீரில் இட்டுக் கொதிக்கவைத்து அரைமணி நேரம் விட்டால் படலம் நெகிழும். அதன்பின் தேய்த்துக் கழுவலாம். குழாயின் வாயில் கட்டிய உப்பையும் காடியில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து நீக்கலாம். கண்ணாடிக்கு ஒரு பங்கு காடியும் நான்கு பங்கு நீரும் கலந்து துடைத்துப் பழைய செய்தித்தாளால் உலர்த்தினால் தெளிவாகும்.

சுண்ணாம்பைக் கரைக்கும் இதே குணத்தால் ஒரு நஷ்டமும் வரக்கூடும். அநேக வீடுகளில் அடுப்பு மேடைக்குப் போடும் கடப்பைக்கல் சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்தது. பளிங்குத் தரையும், பளிங்குச் சில்லு பதித்த மொசைக் தரையும் அப்படியே. இவற்றின்மேல் எலுமிச்சையோ புளியோ காடியோ நின்றால் பளபளப்பு அரிக்கப்பட்டுத் தழும்பு விழும். எதனாலும் துடைத்து அதை நீக்க முடியாது. சிந்தினால் உடனே நீரூற்றித் துடைக்க வேண்டும்.

5. துணியும் கறையும்

பூந்திக்கொட்டை, சீயக்காய், அரப்பு ஆகியவை நுரைப்பது சப்போனின் என்னும் சத்தினால். இவற்றில் சோடாவைப் போன்ற கடுங்காரம் இல்லையாகையால் பட்டிற்கும் கம்பளிக்கும் நகைக்கும் ஏற்றவை.

பூந்திக்கொட்டை நீர் செய்யும் முறை: கொட்டையை நீக்கிய தோல் 12 எடுத்து, ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் 15 நிமிஷம் கொதிக்கவிட்டு, ஆறியபின் பிசைந்து வடிகட்ட வேண்டும். இரண்டு மூன்று நாளைக்குள் உபயோகித்துவிட வேண்டும். அதற்கு மேல் புளித்துப்போகும். கண்ணில் பட்டால் மிகவும் எரியும். இந்நீரைக் குளத்திலோ மீன் உள்ள வாய்க்காலிலோ கொட்டலாகாது. சப்போனின் மீனைக் கொல்லும். தென்னை மரத்தடியில் ஊற்றுவதே சரி.

கறைகளில் சிலவற்றிற்கு முதல் ஐந்து நிமிஷமே முக்கியம். இரத்தமும் பாலும் முட்டையும் பட்ட துணியைக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். பால் பாத்திரத்தையும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலம்பிய பிறகே வெந்நீரில் கழுவ வேண்டும். மஞ்சள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவப்பது கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆரத்தி சிவப்பதும் அதே காரணத்தினால்தான். நன்றாய் அலசி வெயிலில் காயப்போட்டால் சூரிய ஒளியே அந்த நிறத்தை வெளுக்கச் செய்யும். வெள்ளைத் துணியின் துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் இட்டு வெயிலில் வைத்து அலசலாம். வடிகஞ்சியை நீர் விட்டுப் பருத்தித் துணிக்குக் கஞ்சியாக இடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

6. சுத்தம் வேறு, கிருமி நீக்கம் வேறு

இப்பாடத்தில் மிகவும் முக்கியமானது இப்பகுதியே. பாத்திரம் பளபளப்பாய் இருப்பதால் கிருமி இல்லை என்று கொள்ளலாகாது. புளி, எலுமிச்சை, காடி, ஆப்பச் சோடா, மஞ்சள் நீர், வேப்பிலை நீர் ஆகியவை அழுக்கையோ நாற்றத்தையோ குறைக்கலாம். பேதியும் காய்ச்சலும் பரப்பும் கிருமிகளைக் கொல்ல இவற்றை நம்பலாகாது. அக்காரியத்திற்கு உரியவை வேறு.

முதலாவது, சவர்க்காரமும் நீரும். மலம் கழித்தபின்னும், குழந்தையின் மலத்தைக் கழுவியபின்னும், சமைக்குமுன்னும், உண்ணுமுன்னும் இரு கைகளையும் சவர்க்காரம் இட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். 1847-ல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி ஏற்பாடு செய்த பிறகு அங்கே தாய்மார் சாவு மிகவும் குறைந்தது. கைச் சுத்தத்தின் பெருமை அது. கடையில் வாங்குபவற்றுள் சவர்க்காரம் ஒன்றில் மாத்திரம் சிக்கனம் பார்க்கலாகாது. மற்றச் சரக்குகளில் மீந்த பணத்தில் முதற்பங்கு இதற்கே உரியது.

இரண்டாவது, கொதிநீர். கைக்குழந்தையின் பால் புட்டியையும் கிண்ணத்தையும் கழுவியபின் கொதிநீரில் இட வேண்டும். குடிநீர் நன்றாய்க் கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது கொதிக்க வேண்டும். மூன்றாவது, பிளீச்சிங் பவுடர். நோயாளியின் வாந்தியும் பேதியும் பட்ட தரைக்கு இதையே சுகாதார ஊழியர் சொல்லும் அளவில் உபயோகிக்க வேண்டும்.

சாணத்தைப் பற்றியும் ஒரு சொல். வாசலிலும் களத்திலும் மண் தரை புழுதி பறக்காமல் இருக்கச் சாணம் பூசுவது வழக்கம். எனினும் சாணம் கிருமிநாசினி அன்று. இசிவு நோயை உண்டாக்கும் நுண்வித்துக்கள் அதில் இருக்கக்கூடும். சமைக்கும் இடத்திலும், பிரசவ அறையிலும் அது கூடாது. பிறந்த குழந்தையின் தொப்புளிலோ புண்ணிலோ சாணத்தையும் சாம்பலையும் வைப்பது உயிருக்கே அபாயம்.

7. சேர்க்கலாகாதவை

(அ) காடியையும் ஆப்பச் சோடாவையும் ஒன்றாய்க் கலந்து புட்டியில் வைப்பதில் பயன் இல்லை. பொங்கும் நுரை வெறும் கரியமில வாயு. பொங்கி அடங்கியபின் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. மூடிய புட்டியானால் வெடிக்கவும் கூடும்.

(ஆ) பிளீச்சிங் பவுடரோடு புளி, எலுமிச்சை, காடி, கக்கூசு ஆசிட் எதுவும் சேரலாகாது. சேர்ந்தால் குளோரின் என்னும் விஷவாயு கிளம்பி மூச்சை அடைக்கும். மூடிய குளியலறையில் இதனால் உயிரும் போகக்கூடும்.

(இ) ஆசிட், பிளீச்சிங் நீர், சாம்பல் தெளிவு எதையும் சோடாப் புட்டியிலும் குடிநீர்ப் புட்டியிலும் ஊற்றி வைக்கலாகாது. தாகத்தில் வரும் குழந்தைக்குப் புட்டியின் உருவமே அடையாளம். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது; குடித்தது ஏறி வரும்போது தொண்டையை மறுபடி வேகச் செய்யும். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

(ஈ) சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். கண்ணைக் கசக்காமல், இமையைத் திறந்து பிடித்து, ஓடும் சுத்த நீரில் அரைமணி நேரம் விடாமல் கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தையும் குழந்தைக்கு எட்டாமல் வைப்பது நலம்.

8. சங்கம் செய்யத்தக்கது

சுத்தம் செய்வதற்கென்று புதுப் புளியையும் எலுமிச்சையையும் விலைக்கு வாங்கினால் அது சிக்கனம் ஆகாது. சில சமயம் கடைத் தூளைவிட அதிகச் செலவும் ஆகும். மீந்ததை உபயோகிப்பதில்தான் லாபம். ஆனால் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் விலைக்கு வாங்க வேண்டியவை. இவற்றைப் பத்து வீட்டார் தனித்தனியே சில்லறையில் வாங்குவதைவிடச் சங்கத்தின் மூலம் மொத்தமாய் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது மலிவு. தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் பழங்குடி மக்களுக்காக அமைந்த கூட்டுறவுச் சங்கங்கள் வனப்பொருள்களைச் சேகரித்து விற்கின்றன. அவற்றில் வாங்கினால் ஒரு சங்கத்தின் சிக்கனம் மற்றொரு சங்கத்தின் வருமானமும் ஆகும்.

அடுத்த கூட்டத்தில் இரு சோதனைகளைச் செய்து காட்டலாம். கறுத்த பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் ஒரு பாதியைப் புளியாலும் மறுபாதியைச் சாம்பலாலும் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள எவர்சில்வர்த் தட்டு ஒன்றிலும் அவ்வாறே செய்ய வேண்டும். முதல் தட்டில் புளியும் இரண்டாவதில் சாம்பலும் வெல்வதைக் கண்டபின் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. வீட்டுச் சுத்தத்தின் உழைப்பு முழுவதும் பெண்கள்மேல் விழுவதால், இக்கூட்டத்திற்குப் பெண் அங்கத்தினரைத் தவறாமல் அழைப்பதும், அவர்கள் அனுபவத்தைக் கேட்டறிவதும் அவசியம். ஆண்களும் ஒரு தட்டைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பது நல்லது.

கூட்டத்தில் கேட்டு அறியவேண்டிய வினாக்கள்

1. சாம்பல் நீரையும் புளி நீரையும் மஞ்சள் காகிதத்தால் எவ்வாறு பிரித்தறியலாம்?

2. எண்ணெய் உள்ள விளக்கில் முதலில் புளி இடுவது ஏன் வீண்?

3. ஈயப் பூச்சு தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் எவற்றை வைக்கலாகாது?

4. கடப்பைக்கல் மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் என்ன செய்ய வேண்டும்?

5. பிளீச்சிங் பவுடரோடு எவற்றைச் சேர்க்கலாகாது? சேர்த்தால் விளைவது யாது?

6. ஒவ்வொரு அங்கத்தினர் வீட்டிலும் இன்று ஆசிட் எந்தப் புட்டியில், எந்த உயரத்தில் இருக்கிறது?

கடைசி வினாவிற்கு விடை கூட்டத்தில் அன்று, வீட்டிற்குச் சென்று பார்த்தே சொல்ல வேண்டும். அதை அன்றிரவே பார்ப்பது நலம்.